உப்பில் செய்த ஸ்டார்

எதிர்வீட்டு அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய் அவளிடம் சொல்வார்கள். அவளும் "அய்யோ, நானா அப்டிச் சொன்னேன்?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருவாள். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், மரியாதையாக 'அவர்' என்றே எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கை வரவில்லை.

ஒல்லியான உடம்பு. உப்பளத்துக்குப் போகும்போது எல்லாப் பெண்களையும் போலப் புடவைமேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். இவள் மட்டும் கழற்றமாட்டாள். மேல் பட்டன் வரைக்கும் போட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருவாள். கேட்டால், "வெயில் படக் கூடாதும்மா, நான் கறுத்துடுவேன்" என்பாள். ஏற்கனவே அடுப்புக்கரி நிறம். அவளே சொல்லி அவளே சிரிப்பாள்.

உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நடக்கும்போது அவள் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவாள். "நீ முன்னாடி போ, நான் பின்னாடி இருக்கேன்." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாள் என்று கணக்கில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் தன் கேனையும் என் கையில் கொடுத்து முன்னால் தள்ளிவிடுவாள். கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போதும் என் முதுகில் இரண்டு விரலை வைத்து மெதுவாக முன்னால் நகர்த்துவாள். புதிதாக அந்த ஊருக்கு வந்தவளுக்கு முதுகில் ஒரு கை இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பது அப்படி வந்தவளுக்குத்தான் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். மலைமேல் இருக்கும் சிவன் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் ஏறி இறங்கிய குடும்பம். காதலித்து, ஞானஸ்நானம் வாங்கி, மரக்காணத்துக்குப் பக்கத்தில் இந்த உப்பளக் கரைக்கு 2004-ல் வாழ வந்தேன். என் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். இங்கே மாமியார் தலைமுழுகவில்லை, ஆனால் தலைநிமிர்ந்து பார்க்கவும் இல்லை. என்னைப் பற்றிப் பேசும்போது "அந்தப் பொண்ணு" என்பார், நான் பக்கத்திலேயே நின்றாலும். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவி அவருக்கு. நூறு பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே சாப்பாடு போடுகிறவர், எனக்குத் தட்டை நகர்த்தி மட்டும் வைப்பார்.

அந்த நாட்களில் எனக்கு வாய்த்த ஒரே மனுஷி எதிர்வீட்டு அக்கா. நான் வந்த முதல் வாரமே ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். "உம் மாமியா கல்லு மாதிரிதான். ஆனா உப்புக் கல்லு. என்னிக்காவது ஒரு நாள் கரைஞ்சிடும்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று நடந்தது, நான்தான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

2005 கோடையில் நான் முதல்முதலாக உப்பு வேலைக்குப் போனேன். குடிதண்ணீர் டிரம்மை வெட்டவெளியில் வைத்திருந்தார்கள். மத்தியானம் அந்தத் தண்ணீரில் டீ போட்டுவிடலாம். டிரம்முக்கு மேல் நாலு கீற்றுப் போடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்கவேண்டும் என்று பெண்கள் எல்லோருமே பேசிக்கொண்டார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

"நீ கேளும்மா. பன்னெண்டாவது படிச்சவ, உனக்குப் பேச்சு நல்லா வரும். நான் பின்னாடி இருக்கேன்" என்றாள் அக்கா.

போய்க் கேட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள சங்கம் வைக்கிறியா? வேற யாருக்கு வேணுமாம் நிழலு? சொல்லு, பாக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு பாத்தி தள்ளி, வரப்பில் உட்கார்ந்து, பாதத்தில் குத்திய உப்புக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். மிகவும் ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும், தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து மேஸ்திரி கீற்றுப் போட்டுவிட்டார். அன்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்க போயிக் கேட்டோம்ல! நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், பயந்த சுபாவம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இருந்தது.

அதற்கு முந்தின டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கறி அலுத்துப் போய், நானும் அவளும் குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். நான் கூடைக்காரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். கடல் எழும்பி வருவதை முதலில் பார்த்தவள் அவள்தான். "ஓடுடீ!" என்று கத்தினாள். நான் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நின்றேன். என் கையைப் பிடித்து இழுத்து, முன்னால் தள்ளி, "நீ முன்னாடி ஓடு, நான் பின்னாடி வரேன், திரும்பிப் பாக்காத!" என்றாள். மணலில் கால் புதையப் புதைய ஓடினோம். சவுக்குத் தோப்பைச் சுற்றி முள்கம்பி வேலி. அவள் கீழ்க் கம்பியைத் தூக்கிப் பிடித்து, என் இடுப்பில் கையை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள். நான் அந்தப் பக்கம் விழுந்து எழுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அவள் அந்த வேலியிலேயே கம்பியைப் பிடித்தபடி கிடந்தாள். ரவிக்கை முதுகில் கிழிந்திருந்தது. "சும்மா கீறல்தான்மா, நீ முழுசா இருக்கியா?" என்று கேட்டாள். என் முந்தானையைக் கிழித்து வாங்கி முதுகோடு சுற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் காயத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

ஆகவே மேஸ்திரிக்கு முன்னால் அவள் காலைக் குனிந்து பார்த்தது எனக்கு ஒரு பொருட்டா?

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. அதற்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு அன்று ஃபாதர் சொன்னார்: இந்த வருஷம் கடையிலிருந்து ஜிகினா, பலூன், சீரியல் பல்பு எதுவும் வேண்டாம். போன வருஷம் எத்தனையோ வீடு போயிருக்கிறது. ஒவ்வொரு அன்பியமும் கோயிலில் ஒரு பகுதியைத் தங்கள் கையாலேயே செய்து அலங்கரிக்கட்டும். எங்கள் தெருவின் பதினான்கு வீடும் சேர்ந்து ஓர் அன்பியம். எங்களுக்கு வந்தது குழந்தை இயேசு பிறந்த குடிலும் அதற்கு மேலே தொங்கும் ஸ்டாரும்.

அன்று மாலைக் கூட்டத்தில் யார் செய்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அக்காதான் என் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"இந்தப் பொண்ணு பண்ணும். கை வேல நல்லா தெரியும். நான் பின்னாடி இருக்கேன்."

 என் மாமியார் என்னை ஒருமுறை பார்த்தார். 'அந்தப் பொண்ணு' அன்றைக்குக் கோயில் காரியத்துக்கு ஆள் ஆகியிருந்தாள். எனக்கு அது போதும். குடிலை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் இந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் கிடைத்துவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

உப்பில் ஸ்டார் செய்யலாம் என்பது அக்காவின் யோசனை. இதை நான் அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். பாத்தியில் குச்சி விழுந்து கிடந்தால் நாலு நாளில் அதன்மேல் உப்பு பூத்துக் கண்ணாடி மாதிரி மின்னும். உப்பளத்தில் வேலை செய்கிற எல்லோரும் பார்த்தது.

"ஊர்ல எவன் வூட்லயும் இப்டி ஸ்டார் இருக்காது பாரு. கடவுள் நமக்குக் குடுத்தது உப்புதான், அதுலயே அவருக்குச் செய்வோம்."

கேட்கவே எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் நான் வயல்காட்டுப் பெண் என்றாலும் அடுப்படி தெரிந்தவள். கேட்டேன்.

"அக்கா, ஜாடியில இருக்குற உப்பே மழைக்காலத்துல தண்ணி வுடுதே. இது நிக்குமா?"

"அது மூடி வெச்ச உப்பும்மா, புழுங்கிப் போயி தண்ணி வுடும். காத்துல தொங்குனா ஒண்ணும் ஆவாது. இருவது வருசமா உப்புலயே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

இருபது வருஷம் என்றால் நான் என்ன பேச முடியும்?

அவள் வீட்டில் இடம் இல்லை என்றாள். ஆகவே எங்கள் வீட்டு அடுப்படியில், மாமியார் சத்துணவுக்குப் போன பிறகு, வேலை நடந்தது. மூங்கில் பத்தைகளைக் கட்டுக்கம்பியால் கட்டி ஐந்து முனை ஸ்டார். அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினோம். அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இனிக் கரையாது என்கிற வரைக்கும் உப்பைப் போட்டு, ஸ்டாரை அதில் ஊறப்போட்டோம். பிறகு எடுத்துச் சமையல் முடிந்த தணலுக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டோம். மறுபடி ஊறல், மறுபடி தணல். பத்து நாள். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போனது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, "அந்த முனையில இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் அந்த ஸ்டாரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அக்கா வாசற்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். அவ்வளவு அழகு அது.

எங்கள் கோயில் கிளைப்பங்கு. இரவுப் பூசை பெரிய கோயிலில் நடக்கும், எங்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைதான். அதனால் இருபத்து நாலாம் தேதி சாயங்காலமே குடிலை முடித்துவிட்டோம். பனை ஓலையில் கொட்டகை. பனிக்குப் பஞ்சு கேட்டபோது அக்கா, "பஞ்சு எதுக்கு, உப்பு இருக்கே" என்றாள். இரண்டு மரக்கால் பொடியுப்பைக் கொட்டிப் பரப்பினோம். மண் ஆட்டுக்குட்டிகளை அதில் நிறுத்தினோம். ஸ்டாரைத் தொங்கவிட்டு டியூப் லைட்டைப் போட்டதும் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

மாமியார் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குது" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் எனக்கு நேராக அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிறகு வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்தார். சந்தன நிறப் பட்டு, மெல்லிய ஜரிகை. யாரையும் தொடவிடாத புடவை. "கொழந்தைக்குக் கீழ விரி" என்று என் கையில் கொடுத்தார். அக்கா என் இடுப்பில் இடித்து, "கரைஞ்சிடுச்சு பாத்தியா" என்று காதில் சொன்னாள். நான் சந்தோஷத்தில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மழை. கோயில் ஜன்னலுக்குள் சாரல் அடிக்கும் அளவுக்குக் கடல் காற்றோடு நல்ல மழை.

காலையில் பூசைக்கு முதலில் போன பெண்கள் கத்திய சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஓடினேன். ஸ்டாரில் உப்பு இல்லை. வேட்டித் துணி நனைந்து, மூங்கில் எலும்பு தெரிய, செத்த கோழி மாதிரி தொங்கியது. கட்டுக்கம்பி துருப்பிடித்து, அந்தத் துருவும் உப்புத் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக நேரே கீழே விழுந்திருந்தன. மாமியாரின் பட்டுப் புடவை முழுக்கப் பழுப்புக் கறை. ஜரிகை கறுத்துவிட்டது. எல்லோரும் பாதத்தை முத்தமிடுவதற்காக வைத்திருந்த குழந்தை இயேசு சுரூபத்தின் முகத்தில், கண்ணிலிருந்து வாய் வரைக்கும் ஒரு துருக் கோடு. உப்புப் பனி கரைந்து, ஆட்டுக்குட்டிகள் தண்ணீரில் நின்றன. யாரோ ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

மழைக்காலம் வந்தால் உப்பு அம்பாரத்துக்கே பனையோலை போட்டு மூடிவைக்கிற ஊர். அந்த ஊரில் உப்பில் ஸ்டார் கட்டி டிசம்பரில் தொங்கவிட்டிருக்கிறோம். வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றாவது சொல்வார்கள்.

மாமியார் புடவையை எடுக்கவில்லை. தொடக்கூட இல்லை. "யாரு யோசன இது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இந்த முறை எங்கேயும் போகவில்லை. எனக்குப் பின்னாலேயே, இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள். அப்பாடா என்று இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம்' என்றால்கூடப் போதும்.

அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். கன்னத்தில் கை வைத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்க்கா. ஜாடியில இருக்குற உப்பே மழைக்காலத்துல தண்ணி வுடுதே, இது நிக்குமாம்மான்னு கேட்டேன். புதுப் பொண்ணு, ஆச ஆசையா பண்ணுது, நான் எப்டி தடுக்கறது?"

என் வார்த்தை. நான் அவளிடம் கேட்ட அதே வார்த்தை, ஜாடி உட்பட. வேறு ஏதாவது பொய் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். என் வாயிலிருந்து போனதை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.  நான்தான் கேட்டேன் என்று இனி நான் சொன்னால் யார் நம்புவார்கள்? வந்தவள் நான். அவளுக்கோ இருபது வருஷத்து உப்பு.

மாமியார் என்னைப் பார்த்தார்.

"பெரியவ சொன்னப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு குனிந்து, சுரூபத்தின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த கைப்பம்புக்குப் போனார். பூசை முழுக்க அடிபம்பு அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபாதர் என்ன பிரசங்கம் செய்தார் என்று தெரியாது. கறை போகவில்லை. புடவை திரும்பப் பெட்டிக்குள் போனது, நான் திரும்ப 'அந்தப் பொண்ணு' ஆனேன்.

அன்று மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி, கறிக் குழம்பு.

"கோச்சிக்காதம்மா. நான் இன்னா பண்றது, எல்லாரும் என்னையே பாத்தாங்க. நீ சின்னப் பொண்ணு, உன்ன ரெண்டு நாளு பேசிட்டு வுட்டுடுவாங்க. என்னச் சொன்னா ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

"நான் கேட்டதை நீங்க கேட்டதா சொன்னீங்களே, அக்கா."

"யாரு கேட்டா இன்னா? ரெண்டும் ஒண்ணுதான். இந்தா, ஆறிடப் போவுது."

அவளுக்கு உண்மையிலேயே அது பெரிய விஷயமாகப் படவில்லை. மழை வந்தால் கூரைக்குள் போவது மாதிரி, எனக்குப் பின்னால் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் கணக்கு. நான் வாளியை வாங்கவில்லை. அவள் அதைத் துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள். மாலை வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

அன்று என் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு லாரியில் லோடு ஏற்றப் போகிறவர், பேச்சு குறைவு. முழுக்கக் கேட்டுவிட்டு, "வுடு. அன்னிக்கு அவங்க இல்லன்னா நீ இல்ல" என்றார்.  கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாமல் செய்து வைத்திருந்தாள். ஒருத்தி என் உயிரைக் காப்பாற்றினாள், அவளே என் வாழ்க்கையைக் கெடுத்தாள். இரண்டையும் நான் எந்தத் தராசில் போட்டு நிறுப்பது?

அடுத்த உப்புக் காலத்தில் நான் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டேன். அவள் வேறொரு புதுப் பெண்ணுக்குப் பின்னால் நடந்தாள். ஜூன் மாதம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இடையஞ்சாவடியில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை கிடைத்தது என்று குடும்பத்தோடு போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

அதே வருஷம் டிசம்பர். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "புதுச்சேரிக்குப் போயி ஒரு காகித ஸ்டாரு வாங்கிட்டு வா. நீ ஒண்ணும் செய்யாத, வாங்கிட்டு மட்டும் வா" என்றார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்தது. அப்போது என் முதுகில் இரண்டு விரல் பட்டது. திரும்பாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ முன்னாடி ஏறும்மா, நான் பின்னாடி இருக்கேன்."

நல்ல புடவை, தலையில் பூ. வெள்ளைக்காரர் வீட்டு வேலை, சட்டை தேவையில்லை. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள் போல, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தாள். ஒரு கணம் எனக்கும் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது.

நான் நகர்ந்து வழிவிட்டேன். "நீங்க ஏறுங்கக்கா."

அவள் தயங்கினாள். கூட்டம் அவளைத் தள்ளியது, முதுகைப் போர்த்தியிருந்த முந்தானை விலக ஏறினாள். அத்தனை நாள் பழக்கத்தில் அவள் எனக்கு முன்னால் போய் நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தொடங்கி, ரவிக்கைக்குள் இறங்கி, கீழே இடுப்புப் பக்கம் மறுபடி வெளியே வந்தது ஒரு தழும்பு. விரல் தடிமன். முள்கம்பி இழுத்த இழுப்பு அப்படியே பதிந்திருந்தது. சும்மா கீறல் என்று சொன்னாளே, அது. அதை மறைக்கத்தான் அந்த வெயிலில் காலர் வரைக்கும் பட்டன்.

எனக்காகப் பட்டது அது. அதைப் பார்த்ததும் என் கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடலுக்கு முன்னால் எனக்குப் பின்னால் நின்றவளுக்கு, பதினான்கு வீட்டு ஆட்களுக்கு முன்னால் நிற்க முடியவில்லையே என்று இன்னும் அதிகமாகத்தான் வந்தது.

"ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார் கண்டக்டர். ஜன்னல் வழியாக அக்கா, "வாம்மா, எடம் போட்டிருக்கேன்" என்று கையை ஆட்டினாள். நான் தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும், எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஏறினேன்.